முகத்துக்கு மாலை, மூளைக்கு மறதி: ஓர் எதிர்வினை

அமெரிக்கத் தொலைக்காட்சியின் கேம் ஷோக்களைப் பற்றி நீளமான கட்டுரை ஒன்று வந்திருக்கிறது. மகத்தான தொகுப்பாளர்கள் ஐவர், மகத்தான படைப்பாளிகள் மூவர் என்று எட்டுப் பேரைப் பொறுக்கியெடுத்து, தரவரிசை போட்டு, ஒவ்வொரு தலைக்குப் பின்னாலும் ஓர் ஒளிவட்டத்தை ஆணியடித்து மாட்டியிருக்கிறார் கட்டுரையாளர். தொகுப்பாளர்களில் பாப் பார்க்கர், அலெக்ஸ் ட்ரெபெக், ரிச்சர்ட் டாசன், கிரவுச்சோ மார்க்ஸ், பாட் சேஜாக் என்று வரிசை. படைப்பாளிகளில் மெர்வ் கிரிஃபின், மார்க் குட்சன், லூயிஸ் கோவன் என்று வரிசை. பட்டியல் போடுவது குற்றமாகாது. சோம்பல் வந்தால் மனிதர்கள் செய்கிற காரியங்களில் ஓரளவு தீங்கற்றது அது. ஆனால் அந்தப் பட்டியலுக்குக் காவலாக நான்கு வாதங்களையும் நிறுத்திவிட்டு, இதற்கு மேல்முறையீடே கிடையாது என்று தூக்குத் தண்டனை எழுதிய நீதிபதியின் தோரணையில் பேனாவை முறித்துப் போட்டுவிட்டுப் போகிறாரே, அங்கேதான் நமக்கு வேலை வருகிறது.

அந்த நான்கு வாதங்களையும் அவருக்கு அநீதி நேராதபடி சுருக்கித் தருகிறேன். ஒன்று: கேம் ஷோ என்றாலே தொகுப்பாளர்தான், விதிகள் அவர் ஏறி நின்று பேசப் போட்ட மேடை. இரண்டு: அதிக ஆண்டுகள் நின்றவரே பெரியவர். மூன்று: மெர்வ் கிரிஃபின் தன்னந்தனியாக ஒரு புது வடிவத்தைப் பெற்றெடுத்த மேதை. நான்கு: அறிவைச் சோதிக்கும் வினாடி வினாவே உயர்குலம், பொருளுக்கு விலை சொல்வதும் கதவைத் திறந்து பரிசு பார்ப்பதும் சந்தைக்கடைக் கூத்து.

மணிமேகலையில் அறவண அடிகள் தருக்கம் கற்பிக்கும் இடத்தில் ஏதுப்போலிகளை, அதாவது காரணம் போல வேடமிட்டு வந்து காரணமாக நிற்காமல் போகிறவற்றை, அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என்று மூன்றாகப் பிரிக்கிறார். முதலாவதில், காட்டிய காரணமே நிறுவப்படாமல் அந்தரத்தில் தொங்கும். இரண்டாவதில், அது நமக்கும் எதிராளிக்கும் பொதுவாக நின்று எதையும் நிறுவாமல் விடும். மூன்றாவதில், அது கட்சி மாறிப் போய் எதிர்த்தரப்புக்கே சாட்சி சொல்லும். மூன்றுக்கும் ஒரே கட்டுரையில் உதாரணம் கிடைப்பது அரிது. நம் கட்டுரையாளர் மூன்றையும் தந்து, இலவச இணைப்பாக இன்னொன்றும் கொடுத்திருக்கிறார். தருக்கம் பயிலும் மாணவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

ஆண்டுக்கணக்கிலிருந்தே தொடங்குவோம், அவருக்கு மிகப் பிடித்த ஆயுதம் அதுதான். பாப் பார்க்கர் 1972 செப்டம்பரில் 'தி பிரைஸ் இஸ் ரைட்' மேடையில் ஏறி 2007 ஜூனில் இறங்கினார். 35 ஆண்டுகள் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பாட் சேஜாக் 1981 டிசம்பரில் 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' சக்கரத்தின் பக்கத்தில் வந்து நின்று 2024 ஜூனில்தான் விடைபெற்றார். அது 42 ஆண்டுகளுக்கும் மேல். இரண்டில் எது பெரியது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். நம் கட்டுரையாளரோ நீடித்து நின்றதற்காகப் பார்க்கரை முதலிடத்தில் உட்கார வைத்த கையோடு, அவரைக் காட்டிலும் நீடித்து நின்றவரை மக்கள் பழக்கத்தால் பார்த்தார்கள் என்று சொல்லி ஐந்தாமிடத்துக்குத் தள்ளுகிறார். பார்க்கர் நின்றால் தவம், சேஜாக் நின்றால் பழக்கதோஷம்! தவத்துக்கும் பழக்கத்துக்கும் நடுவே கோடு கிழிக்கும் அளவுகோல் எது, அதை எந்தக் கடையில் வாங்கினார் என்று கட்டுரையில் எங்காவது சொல்கிறாரா? தேடிப் பாருங்கள், கிடைக்காது. உயர்த்தவும் தாழ்த்தவும் ஒரே காரணம் உதவுகிறது என்றால் அது காரணமே ஆகாது. அடிகள் அநைகாந்திகம் என்றது இதைத்தான்.

இன்னொன்றையும் அவர் யோசிக்கவில்லை. நீடித்தது யார்? பார்க்கர் இறங்கிய அதே 2007இல் ட்ரூ கேரி வந்தார். நிகழ்ச்சி இன்றும் ஓடுகிறது. பார்க்கருக்கு முன்னால் 1956 நவம்பர் முதல் 1965 வரை அதே பெயர் கொண்ட நிகழ்ச்சியை பில் கல்லன் நடத்தினார். 1972இல் கல்லன் காலத்து ஏலத்தின் இடத்தில் பல சிறு விலை விளையாட்டுகள் வந்து சேர்ந்தன என்பது உண்மை. ஆயினும் உண்மை விலையைத் தாண்டாமல் அதற்கு மிக நெருக்கமாகச் சொன்னவருக்கே வெற்றி என்ற அந்த ஒற்றை விதி, கல்லன் காலத்திலிருந்து கேரி காலம்வரை முதுகெலும்பு போல உள்ளே இருந்துகொண்டே இருக்கிறது. நான்கு பேர் வரிசையாக விலை சொல்லும்போது கடைசியாகப் பேசுகிறவருக்கு மற்ற மூவரின் கணக்கும் தெரிந்திருக்கும்; மூன்றாமவர் சொன்னதற்கு மேல் ஒரே ஒரு டாலர் கூட்டிச் சொல்லி அவர் கழுத்தைப் பிடிக்கலாம், மற்ற மூவரும் அதிகமாகச் சொல்லிவிட்டார்கள் என்று தோன்றினால் வெறும் ஒரு டாலர் என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். பார்க்கிறவர் சோபாவில் உட்கார்ந்தபடியே கூச்சல் போடுவது இந்த ஒரு டாலருக்காகத்தான். அதில் பார்க்கரின் முடிநிறத்துக்கு என்ன பங்கு?

'ஃபேமிலி ஃப்யூட்' கதை இதைவிடச் சுவாரசியம். 1976இல் ரிச்சர்ட் டாசனோடு தொடங்கியது. பெண் போட்டியாளர்களை முத்தமிட்டு வரவேற்ற மனிதர் அவர், கட்டுரையாளர் மூன்றாமிடம் கொடுத்திருக்கிறார். பிறகு ரே கோம்ப்ஸ், லூயி ஆண்டர்சன், ரிச்சர்ட் கார்ன், ஜான் ஓ'ஹர்லி, 2010 முதல் ஸ்டீவ் ஹார்வி. ஆள் மாற மாற குரல், நையாண்டி, சட்டைக்காலர் எல்லாம் மாறின. மாறாமல் நின்றது ஒன்றுதான்: 100 பேரிடம் கேட்ட கேள்விக்குச் சரியான விடையைச் சொல்லாதே, அந்த 100 பேரும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று சொல். தொகுப்பாளரே நிகழ்ச்சி என்றால், டாசன் போனபின் அது வேறு ஆள்களோடு உயிர்பெற்றிருக்க முடியுமா?

இங்கே கட்டுரையாளர்மீது எனக்கு அனுதாபமே பிறக்கிறது. அவருடைய முதல் வாதத்துக்கு உண்மையிலேயே கைகொடுக்கக்கூடிய சாட்சி ஒருவர் அவர் பட்டியலிலேயே இருக்கிறார். அவரை நான்காமிடத்தில் போட்டு வீணடித்துவிட்டார். கிரவுச்சோ மார்க்ஸின் 'யூ பெட் யுவர் லைஃப்' 1947இல் வானொலியில் தொடங்கி, 1950 முதல் 1961 வரை தொலைக்காட்சியில் ஓடியது. அதில் வினாடி வினா ஒரு சாக்கு; கிரவுச்சோ போட்டியாளரைப் பேசவிட்டுப் பந்தாடுவதைப் பார்க்கத்தான் மக்கள் உட்கார்ந்தார்கள். தொகுப்பாளரே நிகழ்ச்சி என்ற கொள்கை எங்காவது நூற்றுக்கு நூறு பொருந்துமானால் இங்கேதான் பொருந்தும். பொருந்தியதால் நடந்தது என்ன? 1980இல் பட்டி ஹாக்கெட்டை வைத்து உயிர்ப்பித்தார்கள், 1992இல் பில் காஸ்பியை வைத்து உயிர்ப்பித்தார்கள். இரண்டும் ஒரே பருவத்தில் மூச்சை விட்டன. ஆளே நிகழ்ச்சியாக இருந்தால் ஆள் போனதும் நிகழ்ச்சியும் போய்விடும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சோதனை வேண்டுமா? ஆக, கட்டுரையாளரின் கொள்கை பொருந்துகிற இடத்தில் நிகழ்ச்சி நீடிக்கவில்லை, நிகழ்ச்சி நீடித்த இடங்களில் அவருடைய கொள்கை பொருந்தவில்லை. ஒரே கட்டுரையில் தன் முதல் வாதத்தையும் இரண்டாம் வாதத்தையும் மோதவிட்டு இரண்டையும் சாகடித்திருக்கிறார். எதிராளிக்கு இவ்வளவு வேலை மிச்சம் பண்ணிக் கொடுப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அலெக்ஸ் ட்ரெபெக்கிடம் வருவோம். 'ஜெப்பர்டி'யை 1984 செப்டம்பரிலிருந்து 2020 நவம்பரில் கணையப் புற்றுநோயால் இறக்கும்வரை நடத்திய அவரைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அந்தக் குரல்தான் நிகழ்ச்சி என்கிறாரே கட்டுரையாளர், அதே குரல் 1973இல் 'தி விசார்ட் ஆஃப் ஆட்ஸ்' என்ற நிகழ்ச்சியிலும் இருந்தது. அது ஓராண்டு ஓடி நின்றது. 1976 டிசம்பரில் 'டபுள் டேர்' என்ற நிகழ்ச்சியிலும் இருந்தது. அது அடுத்த வசந்தம் முடிவதற்குள் முடிந்தது. அதே மனிதர், அதே உச்சரிப்பு, அதே நிதானம். குரல் ஒன்றாகவே இருக்க, இரண்டு ஓய்ந்து ஒன்று நிலைத்ததற்குக் காரணத்தை எங்கே தேடுவது, தொண்டையிலா?

காரணம் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. 1964இல் ஆர்ட் ஃபிளெமிங் நடத்திய பழைய 'ஜெப்பர்டி'யில் தோற்றவர்களும் தாங்கள் சேர்த்த பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1984இல் அது மாறி, சேர்த்த தொகை வென்றவருக்கு மட்டுமே என்றானது. இந்த ஒரு மாற்றத்தில் கடைசிச் சுற்றின் பந்தயம் வேறு பிறவி எடுத்தது. இரண்டாமிடத்தில் நிற்கிறவர் இருப்பதையெல்லாம் பணயம் வைக்கத் துணியலாம், முதலிடத்தில் இருப்பவர் அவர் எவ்வளவு வைப்பார் என்று கணக்குப் போட்டாக வேண்டும். 1985இல் இன்னொரு மாற்றம்: துப்பு முழுவதையும் வாசித்து முடிக்கும்வரை பொத்தானை அழுத்தக் கூடாது, அவசரப்பட்டால் கால் நொடிக்குப் பொத்தான் பூட்டிக்கொள்ளும். அதற்கு முன்னால் துப்பின் பாதியிலேயே யாராவது பாய்ந்துவிடுவார்கள், வீட்டிலிருப்பவர் வாசித்து முடிக்கவே நேரமிருக்காது. பூட்டு வந்தபிறகு பார்வையாளர் நான்காவது போட்டியாளர் ஆனார். ட்ரெபெக்கின் நிதானமான வாசிப்பைக் கட்டுரையாளர் கொண்டாடுகிறாரே, அந்த நிதானத்துக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தது இந்த விதி. ட்ரெபெக்குக்கு இது தெரியும். அதனால்தான் தன்னை நட்சத்திரம் என்று அறிமுகப்படுத்த வேண்டாம், தொகுப்பாளர் என்றால் போதும் என்றார். நட்சத்திரங்கள் போட்டியாளர்களே என்பது அவர் நிலைப்பாடு. தன் ஆராதனை நாயகனே மறுத்த பட்டத்தைப் பிடிவாதமாக அவர் தலையில் கட்டுவது பக்தியா, அவமரியாதையா?

ட்ரெபெக் மறைந்தபின் நடந்ததும் பாடம்தான். 2021 ஆகஸ்டில் நியமிக்கப்பட்ட மைக் ரிச்சர்ட்ஸ், பழைய பேச்சுகள் சந்திக்கு வந்ததால் ஒரே ஒரு நாள் படப்பிடிப்போடு விலகினார். கடைசியில் நாற்காலி போய்ச் சேர்ந்தது 2004இல் தொடர்ச்சியாக 74 ஆட்டங்கள் வென்ற கென் ஜென்னிங்ஸிடம். அந்த விளையாட்டின் விதிகளை உள்ளே நின்று அனுபவித்த ஒருவரிடம் அது நிலைத்தது என்பது தற்செயல் என்று நினைக்கிறீர்களா?

பச்சனைக் காட்டி மடக்கலாமே என்று யாராவது கட்டுரையாளருக்கு எடுத்துக் கொடுக்கக்கூடும். அதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். 2007இல் 'கோன் பனேகா குரோர்பதி'யை ஷாருக் கான் நடத்தியபோது அமிதாப் பச்சனின் இடம் நிரம்பவில்லை என்பது சரி. ஒரு தொகுப்பாளர் இன்னொருவரைவிடச் சிறந்தவராக இருப்பார் என்பதை யார் மறுத்தது? ஆனால் 1998 செப்டம்பரில் லண்டனில் கிறிஸ் டாரண்டோடு தொடங்கிய அதன் மூல விளையாட்டு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விலைபோனபோது பெட்டியில் கட்டி அனுப்பப்பட்டது டாரண்டின் முகமா, நான்கு விடைகளும் 'லைஃப்லைன்' உதவிகளும் எந்தக் கட்டத்திலும் எழுந்து போகலாம் என்ற சபலமுமா? விஜய் டிவியில் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யைச் சூர்யா நடத்தினார், பிரகாஷ்ராஜ் நடத்தினார், அரவிந்த்சாமி நடத்தினார். மூவரும் மூன்று விதம். கேள்வி விழுந்து விடை வருவதற்கு முன்னால் நம் வீட்டுக் கூடத்தில் விழுந்த மௌனம் ஒரே விதம்.

இனி மெர்வ் கிரிஃபின். இங்கே கட்டுரையாளர் எழுதியது கவிதை. உண்மைக்கும் அதற்கும் தூரத்து உறவுகூட இல்லை. தனிமையில் பிறந்த தரிசனம் என்கிறார். கிரிஃபின் தானே பலமுறை சொன்ன கதை வேறு: மனைவி ஜூலானோடு டுலூத்திலிருந்து நியூயார்க்குக்கு விமானத்தில் வந்துகொண்டிருந்தார், 1950களின் வினாடி வினா ஊழலுக்குப் பிறகு அந்த வகை நிகழ்ச்சி எடுக்கவே எல்லோரும் பயந்து கிடந்த காலம், விடையை முன்கூட்டிச் சொல்லிக்கொடுத்ததுதானே குற்றம், எல்லோருக்கும் விடையைக் கொடுத்துவிட்டுக் கேள்வியை அவர்கள் சொல்லட்டுமே என்று ஜூலான் சொன்னார். 5,280 என்றார், ஒரு மைலுக்கு எத்தனை அடி என்றார் கிரிஃபின். 'ஜெப்பர்டி' பிறந்துவிட்டது. பிள்ளை பெற்றவளை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் பெயர்சூட்டு விழா நடத்துகிறார் கட்டுரையாளர். அப்பனே அவள் பெயரைச் சொல்லியும் இவர் காதில் விழவில்லை. காரணமே நிறுவப்படாத இந்த வாதத்துக்கு அசித்தம் என்று பெயர்.

கிரிஃபினிடம் மேதைமை இல்லையா? உண்டு, ஆனால் அது கட்டுரையாளர் தேடிய அறையில் இல்லை. தன் மகனுக்காகப் போட்ட தாலாட்டு மெட்டை 'ஜெப்பர்டி'யின் கடைசிச் சுற்றுக்கு இசையாக்கி, அந்த அரை நிமிடத்துக்கு வாழ்நாள் முழுவதும் உரிமைத்தொகை வாங்கினாரே, அது மேதைமை. உரிமைகளைக் கைவிடாமல் வைத்திருந்து 1986இல் நிறுவனத்தைக் கொக்ககோலாவுக்கு 25 கோடி டாலருக்கு விற்றாரே, அது மேதைமை. ஆனால் 1990இல் பலகை விளையாட்டான 'மோனோபொலி'யைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்து சில வாரங்களில் கைகழுவியவரும், 1991இல் 'ரக்கஸ்' என்ற ஒன்றைப் போட்டு எடுத்தவரும் இதே கிரிஃபின்தான். வணிகனின் சாதுரியத்தை ரிஷியின் தரிசனம் என்று எழுதினால் இரண்டு பேருக்கும் அநியாயம்.

மார்க் குட்சன் விஷயத்தில் நடந்திருப்பது இதைவிடப் பெரிய கையாடல். 'டு டெல் த ட்ரூத்', 'தி பிரைஸ் இஸ் ரைட்', 'பாஸ்வேர்ட்' ஆகிய மூன்றையும் குட்சனின் படைப்புகள் என்று வரிசையாக அடுக்கி, அந்த மூன்றின் பலத்தில் அவருக்கு இரண்டாமிடம் தருகிறார். மூன்றில் ஒன்றைக்கூடக் குட்சன் உருவாக்கவில்லை. மூன்றையும் உருவாக்கியவர் குட்சன்–டோட்மன் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்த புரூக்ளின்காரர் பாப் ஸ்டூவர்ட். முதல் இரண்டும் 1956இன் கடைசி இரண்டு மாதங்களுக்குள் ஒளிபரப்பாயின. மூன்றாவது 1961 அக்டோபரில் வந்தது. ஐந்தே ஆண்டுகளில் ஒரே மூளையிலிருந்து மூன்று விளையாட்டுகள், மூன்றும் தலைமுறை தாண்டி மறுபடி மறுபடி உயிர்பெற்றவை. இதற்கு ஈடாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் வேறு எவர் கணக்கைக் காட்ட முடியும்? நிகழ்ச்சி முடிவில் ஓடிய எழுத்துகளில் முதலாளிகளின் பெயர் பெரிதாக இருந்தது, கட்டுரையாளர் அதை மட்டும் படித்துவிட்டு எழுந்து போய்விட்டார். குட்சன் கைதேர்ந்த பட்டறைக்காரர், மற்றவர் கொண்டுவந்ததை ஒத்திகை பார்த்துப் பார்த்துச் செதுக்கத் தெரிந்தவர் என்று எழுதியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

நான்காம் வாதம்தான் கட்டுரையின் மகுடம். சாதி மனோபாவமும் அங்கேதான் வெளியே தலைகாட்டுகிறது. அறிவு வினாடி வினா உயர்ந்தது, விலை சொல்வது தாழ்ந்தது என்ற இந்த வருணாசிரமத்துக்காகவே '64,000 டாலர் கேள்வி'யை உருவாக்கிய லூயிஸ் கோவனுக்கு மூன்றாமிடம் கிடைத்திருக்கிறது. சரித்திரத்தைப் பார்ப்போமா? 1950களில் தில்லுமுல்லு நடந்து நாறிப்போனது எந்த வகை? அறிவு வகை. 'ட்வென்டி ஒன்' நிகழ்ச்சியில் தயாரிப்பாளர் டேன் என்ரைட், ஹெர்பர்ட் ஸ்டெம்பலுக்கு விடைகளைச் சொல்லிக்கொடுத்தார், எப்போது நெற்றியைத் துடைக்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார். பிறகு 1956 டிசம்பரில் சார்லஸ் வான் டோரனிடம் தோற்கச் சொன்னார். ஆஸ்கர் வாங்கிய 'மார்ட்டி' படத்தின் பெயர் நன்றாகத் தெரிந்திருந்தும் ஸ்டெம்பல் தவறாகச் சொன்னார். வான் டோரன் 1,29,000 டாலர் சேர்த்து, தேசத்தின் அறிவுச் சின்னமாகி, 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் எல்லாம் நாடகம் என்று ஒப்புக்கொண்டார். 1960இல் சட்டமே போட வேண்டியிருந்தது. கோவனுக்கும் அந்தச் சட்டத்துக்கு முந்தைய மாதங்களிலேயே சிபிஎஸ் தொலைக்காட்சியின் தலைமைப் பதவி கைவிட்டுப் போனது.

இதில் கட்டுரையாளர் கேட்கத் தவறிய கேள்விதான் முக்கியம்: ஏன் தில்லுமுல்லு செய்தார்கள்? பேராசை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார். பேராசை எல்லாத் தயாரிப்பாளருக்கும் உண்டு. 'ட்வென்டி ஒன்' முதல் நாள் நேர்மையாகத்தான் ஆடப்பட்டது. இரண்டு போட்டியாளர்களும் ஒலிபுகாத கூண்டுகளில் நின்று கேள்விக்குக் கேள்வி தவறவிட்டார்கள், பார்ப்பதற்குச் சகிக்கவில்லை, விளம்பரதாரர் மறுநாள் காலையில் கத்தினார், தில்லுமுல்லு தொடங்கியது. அதாவது அந்த விளையாட்டின் விதி ஓட்டை. கடினமான கேள்வியையும் எதிராளியின் கணக்கு தெரியாத இருட்டையும் வைத்துக்கொண்டு, ஆட்டம் தானாகவே சூடேறுவதற்கு வழி வைக்கவில்லை. அந்தச் சூட்டைப் பொய்யால் ஏற்றினார்கள். இதற்குப் பக்கத்தில் 'பாஸ்வேர்ட்' விளையாட்டை வையுங்கள்: ஒரு சொல்; அதைத் துணைவரிடமிருந்து வரவழைக்க நீங்கள் ஒரே ஒரு சொல்தான் சொல்லலாம்; பத்துப் புள்ளியில் தொடங்கி ஒவ்வொரு தவறுக்கும் ஒன்று குறையும். சொல் என்ன என்று பார்வையாளருக்கு முதலிலேயே தெரியும், தவிப்பவருக்கு மட்டும் தெரியாது. பழைய கூத்துமேடையில் எந்த அண்ணாவி இதைக் கண்டிருந்தாலும் மெச்சியிருப்பார். விடையைப் பார்வையாளர் எல்லோருக்கும் சொல்லிவிட்டே ஆடுகிற விளையாட்டில் எந்த என்ரைட் எதைத் திருட்டுத்தனமாகச் சொல்லிக்கொடுப்பார்? 1958இல் ஊழல் வெடித்தபோது 'ட்வென்டி ஒன்' ஒழிந்தது, '64,000 டாலர் கேள்வி'யும் ஒழிந்தது. சந்தைக்கடை என்று கட்டுரையாளர் மூக்கைப் பிடிக்கும் 'தி பிரைஸ் இஸ் ரைட்' தொடர்ந்து ஓடியது. உயர்குலத்துக்குச் சான்றாக அவர் அழைத்து வந்த சாட்சி, கூண்டில் ஏறியதும் கீழ்க்குலத்துக்குச் சாதகமாகப் பேசிவிட்டது. இதுவே விருத்தம்.

இலவச இணைப்பு என்றேனே, அது 'லெட்ஸ் மேக் எ டீல்' தொகுப்பாளர் மான்டி ஹால் பற்றிய ஒரு பத்தி. மூன்று கதவில் ஒன்றைப் போட்டியாளர் தேர்ந்ததும் ஹால் இன்னொரு வெற்றுக் கதவைத் திறந்து காட்டி, மாற்றிக்கொள்கிறாயா என்று நாள்தோறும் கேட்டார், கணக்குத் தெரியாத கூட்டம் நாள்தோறும் ஏமாந்தது என்று எழுதி, அதையே 'லெட்ஸ் மேக் எ டீல்' மட்டமானது என்பதற்குச் சான்றாகவும் காட்டுகிறார். இது கேள்விப்பட்டதைக் கண்டதாக எழுதியது. அந்த மூன்று கதவுப் புதிரை எழுதியவர் ஸ்டீவ் செல்வின் என்ற புள்ளியியலாளர், 1975இல். 1990இல் மர்லின் வாஸ் சாவந்த் தன் பத்தியில் மாற்றிக்கொள்வதே சரி, வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று எழுதியபோது ஏறக்குறைய 10,000 கடிதங்கள் வந்தன; எழுதியவர்களில் முனைவர் பட்டக்காரர்கள் ஆயிரம் பேர் அளவில் இருந்தார்கள், பெரும்பாலோர் அவர் தவறு என்று அடித்துச் சொன்னார்கள். தவறு அவர்களுடையது. ஆக, ஏமாந்த கூட்டத்தில் பேராசிரியர்கள் நிறையப் பேர் என்பதைக் கட்டுரையாளர் வசதியாக விட்டுவிட்டார். ஹால் நிஜ நிகழ்ச்சியில் அப்படி மாற்றும் வாய்ப்பைத் தந்ததில்லை என்று செல்வினுக்கே கடிதம் எழுதினார். 1991இல் ஒரு நிருபருக்குத் தன் வீட்டு மேசையில் ஆடிக்காட்டி, மாற்றும் வாய்ப்பைத் தருவதா வேண்டாமா என்பது தொகுப்பாளர் கையில் இருந்தால் அந்த மூன்றில் இரண்டு கணக்கே செல்லாது என்று நிறுவினார். ஸ்டீஃபன் ஹாடோஸோடு சேர்ந்து 'லெட்ஸ் மேக் எ டீல்' நிகழ்ச்சியை உருவாக்கியவர் ஹால். படைப்பாளியும் தொகுப்பாளரும் ஒரே உடம்பில் இருந்தால் புரிதல் எவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்பதற்கு இந்த வின்னிபெக்காரரே உதாரணம். அவரைப் பட்டியலின் இரண்டு வரிசையிலும் காணோம்.

ஏன் இப்படி? கட்டுரையாளர் முட்டாள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் விவகாரம் எளிதாக முடிந்துவிடும். முகத்தை வணங்கிப் பழகிய கண் அவருடையது. கதாநாயகனுக்குக் கட்-அவுட் வைத்துப் பாலூற்றுகிற ஊரில் திரைக்கதை எழுதியவர் பெயரை யார் கேட்கிறார்கள்? முகத்துக்கு அட்டைப்படம் கிடைக்கும், முகத்தைப் பற்றி எழுதினால் வாசகருக்கு உடனே ஞாபகம் வரும், எழுதுகிறவருக்கும் உழைப்பு மிச்சம். விதியைப் பற்றி எழுத விளையாட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பார்க்கருக்கு வரும்போது நேயர் எண்ணிக்கையைத் தூக்கிப் பிடிப்பதும், சேஜாக்குக்கு வரும்போது அதே எண்ணிக்கையை மந்தைப் புத்தி என்பதும் இந்த உழைப்புப் பஞ்சத்தின் பலன்கள். முன்கூட்டியே மாலையைத் தொடுத்து வைத்துக்கொண்டு, பிறகு கழுத்து தேடியிருக்கிறார்.

பட்டியலே வேண்டும் என்றால் என்னுடையது இரண்டே பெயர். படைப்பாளி பாப் ஸ்டூவர்ட். மேலே சொன்ன மூன்றும் போதாதென்று, 1964இல் வெளியேறித் தனியாகத் தொழில் தொடங்கி, 1973 மார்ச்சில் '10,000 டாலர் பிரமிட்'டைக் கொண்டுவந்தார். கடைசிச் சுற்றில் 60 நொடி, ஆறு தலைப்பு. துப்புக் கொடுப்பவர் உதாரணங்களை மட்டும் அடுக்கலாம், கையசைத்துக் காட்டக்கூட அனுமதி கிடையாது. பரிசு ஏறி ஏறி ஒரு லட்சம் டாலரானது, பெயரில் இருந்த தொகையும் கூடவே ஏறியது. அந்த 60 நொடியை யாருக்கும் திருத்தத் தோன்றவில்லை.

தொகுப்பாளர் பில் கல்லன். ஸ்டூவர்ட்டின் முதல் 'பிரைஸ் இஸ் ரைட்', 'ஐ கெஸ்', 'பிரமிட்'டின் மாலைநேர வடிவம் என்று இருபதுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை நடத்தியவர். ஆண்டுக்கணக்குதான் வேண்டுமென்றால் 1946இல் வானொலியில் தொடங்கி 1986 வரை என்று அதையும் தரலாம். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் தாக்கி நடை கெட்டவர். அவர் அதிகம் நடக்க நேராதபடி மேடை அமைத்தார்கள், பெரும்பாலான நேயர்களுக்குக் கடைசிவரை அது தெரியாது. 'ஐ கெஸ்' முடிந்ததும் கல்லன் தன்னை நோக்கி நொண்டி நொண்டி வந்ததை வேடிக்கை என்று நினைத்துத் தானும் அப்படியே நடந்து காட்டி, உண்மை தெரிந்ததும் கூசிப்போன கதையை நகைச்சுவைக் கலைஞர் மெல் புரூக்ஸே சொல்லியிருக்கிறார். எந்த விளையாட்டைக் கையில் கொடுத்தாலும் அதன் விதியை இரண்டு வாக்கியத்தில் விளக்கி, போட்டியாளரை முன்னால் விட்டுத் தான் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளத் தெரிந்தவர் கல்லன். ஒதுங்கத் தெரிந்தவரைக் கட்டுரையாளர் கண்டுகொள்ளாதது அவருடைய முறைப்படி சரிதான். ஒதுங்காதவர்களை மட்டும் பார்க்கும் முறை அது.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்த கேம் ஷோவைப் பார்த்தாலும் தொகுப்பாளரின் குரலை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். போட்டியாளர் எந்தக் கணத்தில் தயங்குகிறார், எதை இழக்கப் பயப்படுகிறார், அந்தப் பயத்தை அங்கே வைத்தது எந்த விதி என்று கவனியுங்கள். பிறகு கடைசியில் ஓடும் பெயர்களை எழுந்து போகாமல் படியுங்கள். கட்டுரையாளர் செய்யத் தவறிய ஆராய்ச்சி அவ்வளவுதான்.